எடைக்குப் போகாத பாத்திரங்கள்

நான் மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும் படித்தவன். மீதிப் பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பள்ளிக்கூடம் இன்னும் எனக்காகக் காத்திருக்கிறது. அப்படிப்பட்டவன் நகரியில் கடை போட்டு, புத்தூரிலிருந்து திருத்தணி வரைக்கும் எந்த வீட்டில் மேளம் கொட்டினாலும் சோறு என் அண்டாவில்தான் வெந்தது என்று ஊரைச் சொல்ல வைத்தேன். பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். ஆமாம், அடித்துக்கொள்கிறேன். இந்தக் கதையை அடக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

வாடகைப் பாத்திரக் கடை என் தொழில். ஓட்டை விழுந்த ஒரு தவலையை வாங்கி, பற்று வைத்து, ஈயம் பூசி, அதை ஒரு காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டதுதான் ஆரம்பம். அப்புறம் ஒன்று நாலாயிற்று. அண்டா, தேக்சா, சாதம் வடிக்கிற தட்டு, ஆள் உயரக் கரண்டி, பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஜமக்காளம் என்று கடை நிறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அண்டா வாங்கினேன். நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும். என் சமையல்காரன் அதற்கு ‘ஏரி’ என்று பெயர் வைத்தான். அவன் என்னோடு அடுப்படியில் வளர்ந்தவன், வாய் கொஞ்சம் நீளம். ஏரி வருகிறது என்றால் கல்யாணம் பெரிய கல்யாணம் என்று தெருப் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வரக் கூடாது. கல்யாணம் முடிந்து கழுவிக் கொடுக்கிறவர்கள் அடியில் ஒரு பிடி அரிசியோ, வெல்லக் கட்டியோ, வெற்றிலை பாக்கோ போட்டுத்தான் அனுப்புவார்கள். வெறும் பாத்திரம் வந்தால் கொடுத்த வீட்டுக்கும் ஆகாது, வாங்கின வீட்டுக்கும் ஆகாது. உள்ளே கிடப்பதைப் பார்த்தே கல்யாணம் எப்படி நடந்தது என்று நான் சொல்லிவிடுவேன். சம்பந்திகள் சண்டை போட்டிருந்தால் அதுகூடத் தெரியும். அவசரத்தில் பாக்கு மட்டும் கிடக்கும், வெற்றிலை இருக்காது.

ஆந்திரா தனி ராஷ்டிரம் ஆன சமயம். அந்த வழக்கம் முதலில் மெலிந்தது. ஒரு பிடி அரிசி வந்த இடத்தில் நாலு மணி வந்தது. பிறகு மஞ்சள் துண்டு மட்டும் வந்தது. ஒருமுறை ஒரு தவலை வெறுமையாகவே வந்தது. கொண்டுவந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். அதற்கப்புறம் ஒரு பாத்திரமும் போகவும் இல்லை, வரவும் இல்லை. பாத்திரமெல்லாம் கடைக்குள்ளேயே கவிழ்ந்து கிடந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். நெசவாளர் வீடுகளில் துணி கட்டுக்கட்டாக அடைந்து கிடந்தது, எடுக்க ஆள் இல்லை. நூல் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. மழையும் ஏமாற்றிவிட்டது. போதாததற்கு எல்லைத் தகராறு. நகரி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடைக்குப் போனால் ஆளாளுக்குச் சிந்தின டீயில் விரலைத் தோய்த்து மேஜைமேல் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் துண்டால் துடைப்பார். கோடு எங்கே விழும் என்று தெரியாத ஊரில் எவன் புதுசாகச் சரக்கு எடுப்பான், எவன் பெண் கொடுப்பான்?

ஆனால் கல்யாணம் நிற்கவில்லை, அதுதான் விஷயம். வயசு வந்த பிள்ளைகள் சந்தை நிலவரம் பார்த்தா வளர்கிறார்கள்? கல்யாணங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அன்றைக்கு வேறு எந்த வீட்டிலும் அடுப்பு புகையக் கூடாது. தெரு முழுக்க அந்த வீட்டில்தான் சாப்பாடு. ஒரு வீட்டில் புகை எழுந்தால், அழைக்காமல் விட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆக, எங்கள் ஊரில் சின்னக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. ஊருக்கே போடு, இல்லாவிட்டால் போடாதே. போட முடியாத வீட்டார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். “எங்களுக்குத் திருப்பதியில வேண்டுதல் கீது” என்றார்கள். பெருமாள்மேல் பாரத்தைப் போட்டால் யார் என்ன கேட்க முடியும்? முப்பது நாற்பது பேரோடு ரயில் ஏறி, தாலி கட்டி, மறுநாள் திரும்பினார்கள். ஒரு வருஷத்தில் இத்தனை வேண்டுதல் எங்கிருந்து வந்தது என்று பெருமாளே யோசித்திருப்பார்.

அந்த நாளில்தான் தராசுக்காரர் வந்தார். எங்கள் ஜனம்தான், தூரத்து உறவுகூட. திருப்பதிக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம். வாரத்தில் ஒரு நாள் ரயிலில் வந்து, என் கடைக்கு நேர் எதிரே தராசைத் தொங்கவிடுவார். நெசவாளர் வீட்டுப் பெண்கள் முந்தானைக்குள் மறைத்துக் குண்டானும் சொம்பும் கொண்டுவருவார்கள். எல்லாம் தாய்வீட்டுச் சீர். பெண்ணின் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய பித்தளை. அவர் எடை போட்டுக் காசு கொடுப்பார். பிறகு சாக்கில் அடைக்க வசதியாகச் சுத்தியலால் ஒரே போடு. அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அடிபடுவது யார் வீட்டுக் குண்டான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் என் கடைக்குள்ளே வந்து ஏரியின் விளிம்பில் கையை வைத்தார்.

“மச்சான், இதை எனக்குத் தள்ளு. ரெண்டு வருஷம் கால்மேல கால் போட்டுக்கினு துன்னலாம்.”

“கைய எடு. வெரல் பட்டா களிம்பு ஏறும்” என்றேன்.

“கல்யாணமே இல்லாத ஊர்ல அண்டாவ வச்சிக்கினு இன்னா பண்ணுவே? மழ வந்தா தண்ணி புடிப்பியா?”

“என் அண்டா கல்யாணத்துல சாயும். தராசுல ஏறாது. வேணும்னா உன் தராச எடுத்து இதுக்குள்ள போடு, எடம் கீது.”

சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை நம்பி மூன்று ஆட்கள் இருந்தார்கள்: சமையல்காரன், வண்டிக்காரன், தேய்க்கிற ஆள். அவனவன் வீட்டில் அடுப்பு என் கடையை நம்பித்தான் எரிந்தது. ஒருவனையும் அனுப்ப மாட்டேன், ஒரு கரண்டியையும் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம் என்று என் மனைவி சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான், நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே ஒரு வார்த்தை போடுவாள்.

கல்யாணம் போன இடத்துக்கே கடையும் போகட்டும் என்று முடிவு செய்தேன். திருப்பதியை ஒட்டின திருச்சானூரில், தாயார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், சத்திரங்களுக்கு நடுவே ஒரு கொட்டகை பிடித்தேன். ஏரியையும் மற்ற பெரிய அண்டாக்களையும் ரயிலில் ஏற்றினேன். ரேணிகுண்டாவில் இறக்கி ஏற்றும்போது போர்ட்டர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. தேய்த்து, புளி போட்டு விளக்கி, வாசலில் வரிசையாக நிறுத்தினேன். வெயில் பட்டுப் பளபளத்தன. ஊரே திரும்பிப் பார்த்தது. பார்த்ததோடு சரி.

முப்பது பேரோடு வருகிற கல்யாணக் கூட்டத்துக்கு ஏரி எதற்கு? ஒரு சம்பந்தி எட்டிப் பார்த்து, மாப்பிள்ளைக்கு மங்கள ஸ்நானம் இதில்தானா என்று கேட்டார். இன்னொரு மனிதர், சத்தியவேடு பக்கத்து விவசாயி, தயங்கித் தயங்கி வந்து சின்னதாக ஒரு குண்டான் இருக்குமா என்றார். பொண்ணு வீட்டுச் சோறு ஓட்டலில் தின்றால் மரியாதை இல்லை, சத்திரத்து அடுப்பில் நாங்களே பொங்கிக்கொள்வோம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. குண்டான் என்பது வீட்டில் இருக்கிற பண்டம். அதை எவனாவது வாடகைக்கு வைப்பானா? எங்கள் தொழிலில் சின்னப் பாத்திரம் வைத்திருக்கிறவனை ‘சொம்புக்கடை’ என்று கேலி செய்வோம். அதெல்லாம் நான் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனார். அவரைப் போலவே இன்னும் பலர் வந்து கேட்டுப் போனார்கள். நான் ஏரிக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன்.

இனி நடந்ததை என் மனைவி ஒரு மாதிரி சொல்வாள். நான் சொல்வதுதான் சரி.

நான் நகரிக்குத் திரும்பியிருந்த நாள் தராசு நாளாகப் போயிற்று. அடுத்த வீட்டு அம்மாள், புருஷனை இழந்து தறியை நம்பி இருந்தவள், மகளுக்கென்று பரணில் வைத்திருந்த புதுக் குண்டானோடு தெருவில் இறங்கினாள். என் மனைவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். எதற்கு இழுத்தாள் என்று அவளுக்கே அந்த நிமிஷம் தெரியாது. குண்டான் என் முன்னால் இருந்தது. அடுப்பு முகமே பார்க்காத பித்தளை. முப்பது பேருக்குச் சாம்பார் வைக்க அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

“இன்னாங்க அப்படிப் பாக்குறீங்க?” என்றாள் மனைவி. “திருச்சானூர்ல கேட்டவன் இதத்தானே கேட்டான்?”

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டு சொன்னாள், அவ்வளவுதான். இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அந்த அம்மாளிடம் சொன்னேன். விற்க வேண்டாம், என்னிடம் கொடு. திருச்சானூரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறேன். வருகிற வாடகையில் பாதி உனக்கு, பாதி எனக்கு. பாத்திரம் என்றைக்கும் உன்னுடையது. மகள் கல்யாணத்தன்று பளபளவென்று உன் கூடத்தில் இருக்கும். அவள் வெகுநேரம் குண்டானின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சீர் சாமான நாலு பேர் வூட்டு அடுப்புல ஏத்துறதா நைனா? ஜனங்க இன்னா சொல்வாங்க?”

“தராசுல போனா பொண்ணு பேரு சுத்தியலுக்குக் கீழ போவும். எங்கிட்ட வந்தா பொண்ணு பேரு கல்யாணத்துலயே சுத்திக்கினு இருக்கும். எது மரியாதைன்னு நீயே சொல்லு.”

கொடுத்தாள். அவள் கொடுத்ததைப் பார்த்துப் பக்கத்து வீடு கொடுத்தது. பிறகு எதிர்வரிசை. தராசுக்காரர் வரும் நாளில் மறைத்துக்கொண்டு போனவர்கள் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். உள்ளே களிம்பு ஏறாமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஈயம் பூசினேன். அதற்காக என் மனைவியின் வளையல் ஒரு ஜோடி கொஞ்ச நாள் வெளியூர் போய்வந்தது. சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒரு குடம், பரிமாற வாளி என்று சேர்த்துச் சின்னக் கல்யாண செட் கட்டினேன். யார் எந்தக் குண்டான் கொடுத்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. பேர் அதிலேயே வெட்டியிருந்தது. வெட்டாத பாத்திரத்தை நசுங்கலை வைத்துத் தெரிந்துகொள்வேன். ஆளுக்கு முகம் இருப்பது போலப் பாத்திரத்துக்கும் உண்டு.

அந்த வைகாசியில் திருச்சானூரில் என் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் நின்றது. சொம்புக்கடைக்காரன் என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன், ஒருவனும் சொல்லவில்லை. சமையல்காரன் சத்திரம் சத்திரமாக ஓடினான். வண்டிக்காரன் நகரிக்கும் திருச்சானூருக்கும் ரயிலில் போய்வந்தான். தேய்க்கிற ஆளோடு நானும் உட்கார்ந்து தேய்த்தேன். முதலாளி தேய்க்கலாமா என்று கேட்டவர்களிடம், தேய்த்துத்தான் முதலாளி ஆனேன் என்றேன். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று அடுப்பும் எரிந்தது. எங்கள் தெருவில் சுத்தியல் சத்தம் குறைந்தது.

குறைந்த சத்தம் தராசுக்காரர் காதில்தான் முதலில் விழுந்திருக்கும். அவர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். எல்லைக்கோடு முடிவாகிவிட்டது, தாலுகா கச்சேரியிலேயே பேச்சு, நகரி மெட்ராஸுக்குப் போகிறது, திருப்பதி ஆந்திராவில் நிற்கிறது. கோடு விழுகிற அன்றைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமான் அந்தப் பக்கமே, இந்தப் பக்கம் வராது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். உண்மையா என்று கேட்க யாரிடம் போவது? ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது என்றார்கள். தெரியாது என்று சொன்னதையே, மறைக்கிறார்கள் என்று தெரு எடுத்துக்கொண்டது.

நான் ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது பெண்கள் வாசல் நிறைய நின்றார்கள். அடுத்த வீட்டு அம்மாள்தான் முன்னால்.

“எங்க பாத்திரம் எங்க நைனா?”

“திருச்சானூர்ல கீது. வேற எங்க இருக்கும்?”

“கோடு போட்டா திரும்பி வராதாமே. எம்பொண்ணுக்கு அது ஒண்ணுதான் நான் சேத்தது.”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் சத்தம் போட்டு ஜெயித்திருப்பேன். கோடு வானத்திலிருந்து விழுவதில்லை, விழுந்தாலும் ரயில் ஓடும் என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. என் வாய் அவர்களுக்குத் தெரியும். வாயால் காட்ட முடியாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று புரிந்தது.

“வெள்ளிக்கெழம விடியறப்ப அவங்கவங்க பாத்திரம் அவங்கவங்க வாசல்ல இருக்கும். இல்லன்னா வந்து என் ஏரிய ஒடச்சு எடுத்துக்கினு போங்க” என்றேன்.

அவர்கள் போனதும் என் மனைவி தூணில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை திருச்சானூரில் பங்காருபாளையத்தார் கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்ததை ஞாபகப்படுத்தினாள். நான் அதை மறக்கவில்லை. அவர் மாந்தோப்புக்காரர். அவருக்கும் கையில் காசு ஓட்டம் இல்லாததால் முன்பணத்துக்குப் பதிலாகக் கூடை கூடையாக மாம்பழம் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். சின்னப் பாத்திரங்களை நகரிக்குக் கொண்டுவந்தால் அந்தக் கல்யாணம் கெடும். திருச்சானூரில் என் பெயர் போகும். கொண்டுவராவிட்டால் நகரியில் என் பெயர் போகும். எந்தப் பக்கம் போனாலும் மூன்று அடுப்பும் அணையும். தராசுக்காரர் இரண்டு நாளில் ஏரியை எடை போட வந்து நிற்பார்.

வியாழக்கிழமை காலையில் திருச்சானூர் போய் இறங்கினேன். சமையல்காரனைக் கூப்பிட்டு, பங்காருபாளையத்தார் கல்யாணத்துக்கு நாளைக்கு ஏரியில் சமைக்க வேண்டும் என்றேன். அவன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

“நாப்பது பேருக்கு ஏரியிலயா? சாம்பார் அடியில ஒட்டிக்கினு கெடக்கும் மொதலாளி. மொள்ளணும்னா ஆளத்தான் எறக்கணும்.”

“ஏரிய சாய்ச்சி வை. ஒரு பக்கம் செங்கல் ஏத்து, ஒரு பக்கம் எறக்கு. சாம்பார் ஓரமா வந்து குந்தும். குந்தின எடத்துல மட்டும் நெருப்பு போடு.”

“தீஞ்சா?”

“தீஞ்சா நீ வைக்கலன்னு சொல்லிக்கோ.”

அவன் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கரண்டிக்கு மூங்கில் கட்டலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அவன் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டால் வேலை நடக்கும் என்று அர்த்தம். சோற்றுக்கு இன்னொரு அண்டா, பாயசத்துக்கு இன்னொன்று. மாந்தோப்புக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். அவரிடம் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னேன்: சீர்ப் பாத்திரம், சுத்தியல், கோடு, வாசலில் நின்ற பெண்கள். அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பெண்ணுக்கும் சீர் கொடுப்பதாகச் சொன்னார். சோறு மட்டும் நேரத்துக்கு வந்தால் போதும், எதில் வந்தாலும் சரி என்றார்.

சின்னப் பாத்திரங்களை வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றினோம். மாம்பழக் கூடைகளையும் ஏற்றச் சொன்னேன். எதற்கு என்று வண்டிக்காரன் கேட்டான். போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நானும் வண்டிக்காரனும் ஒவ்வொரு வாசலாக இறக்கினோம். பேரைப் பார்த்து, நசுங்கலைப் பார்த்து, ஒன்றும் மாறாமல் வைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மாம்பழம். எதிரே தராசும் தொங்கியது. அவர் அன்றைக்கென்று முறை மாற்றி வந்திருந்தார். வராத பாத்திரத்துக்கு நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று பார்க்க வந்தவர்.

அடுத்த வீட்டு அம்மாள் குண்டானை எடுத்துத் திருப்பி, மகள் பேர் வெட்டிய இடத்தை விரலால் தொட்டாள். பேர் இருந்தது. உள்ளே கையை விட்டுப் பழத்தை எடுத்து முகர்ந்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதானா? தெருவில் எல்லாக் கதவும் அதே மாதிரி சாத்திக்கொண்டால் என் கடையும் சாத்த வேண்டியதுதான். நடுவில் ஒருத்தி தன் குண்டானை எடுத்துக்கொண்டு நேராகத் தராசுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. அவள் வீட்டுப் பானையில் என்ன இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். சுத்தியல் விழுந்தது. அந்தப் பழத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பிப் போனாள்.

அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அம்மாள் வெளியே வந்தாள். குண்டான் அவள் இடுப்பில் இருந்தது. உள்ளே ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும். என் வண்டியில் தூக்கி வைத்தாள்.

“அடுத்த முகூர்த்தம் எப்போ நைனா?”

“ஞாயித்துக்கெழம.”

“அப்போ இன்னாத்துக்கு வண்டிய நிறுத்திக்கினு கீற? ரயிலுக்கு நேரமாச்சே.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, முக்கால்வாசி வந்தார்கள். எனக்கு அது போதும். எவர் பாத்திரமும் வெறுமையாக வரவில்லை. வெல்லம் இல்லாத வீட்டில் ஒரு கல் உப்பாவது போட்டிருந்தார்கள். தராசுக்காரர் எழுந்து வந்து வண்டியில் கையை ஊன்றினார்.

“சரி மச்சான், இன்னிக்கி ஜெயிச்சிக்கோ. நெஜமாவே கோடு போட்டுட்டா இன்னா பண்ணுவே?”

“கோடு போடறவன் வூட்லயும் கல்யாணம் நடக்கும். அவனும் பாத்திரத்துக்கு என்னாண்டதான் வரணும்.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் அதற்கப்புறம் எங்கள் தெருவில் தராசு கட்டவில்லை. ஊரில் வேறு தெரு இல்லையா என்ன, அங்கே கட்டினார். எல்லாத் தெருவையும் நான் காப்பாற்றினேன் என்று சொல்லவில்லை. என் தெருவைச் சொல்கிறேன்.

சாயங்காலம் திருச்சானூரில் இறங்கும்போது சமையல்காரன் முகத்தைத்தான் தேடினேன். அவன் பல்லெல்லாம் தெரிய வந்தான். சாம்பார் ஏரியில் ஓரமாக உட்கார்ந்து சமர்த்தாகக் கொதித்ததாம். ஒரு பக்கம் கொஞ்சம் அடிப்பிடித்தது, அதைக் கிண்டாமல் விட்டுவிட்டானாம். அது பெரிய சேதி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சத்திரத்துக்குள் நுழையும்போது அடுப்பில் அந்த ஏரியைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார்களாம். இவ்வளவு பெரிய அண்டா ஏற்றியிருக்கிறார்களே, பெண் வீட்டார் பெரிய கையாக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, பந்தியில் அடங்கி உட்கார்ந்தார்களாம். மாந்தோப்புக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றாராம். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் யாரையும் விடவில்லையாம்.

அந்தச் சேதி சத்திரம் சத்திரமாகப் பரவியது. அடுத்த வாரம் ஒருவர் வந்து, சமைக்க சின்ன செட் போதும், வாசலில் நிறுத்த ஏரி கிடைக்குமா என்றார். வாடகையோடு நாலு ஆள் கூலியும் கேட்டேன், கொடுத்தார். அப்புறம் கேட்காதவர் இல்லை. நாற்பது பேரோடு வந்து தாலி கட்டுகிற ஏழைத் தகப்பன் எல்லாம் சம்பந்திக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதற்கு ஏரி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தது. சமைத்த காலத்தில் சம்பாதித்ததைவிடச் சும்மா இருந்து அதிகம் சம்பாதித்த அண்டா உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். தராசில் ஏற்றியிருந்தால் இரண்டு வருஷம் தின்றிருக்கலாம் என்றாரே, அது எங்கள் நாலு குடும்பத்துக்கு எத்தனை வருஷம் சோறு போட்டது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு அம்மாள் மகள் கல்யாணத்தில் அந்தக் குண்டான் கூடத்தில் பளபளத்தது. அந்தக் கல்யாணம் எங்கள் தெருவிலேயே நடந்தது. அன்றைக்கு எந்த வீட்டிலும் புகை எழவில்லை.

கோடு வெகுநாள் கழித்துத்தான் விழுந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது, திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. தராசுக்காரர் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை. கோடு விழுந்த பிறகு வந்த முதல் முகூர்த்தத்தில் திருத்தணியில் ஒரு கல்யாணம் வேண்டுமென்றே ஒத்துக்கொண்டேன். ஏரியை வண்டியில் ஏற்றி நானே கூடவே நடந்து போனேன். கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது எல்லையில் புதுசாகக் குறுக்கே போட்டிருந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு சேவகன் வண்டியை நிறுத்தினான். ஏரியைத் தடியால் தட்டிப் பார்த்தான். வெறும் வயிற்றில் தட்டின மாதிரி ஓசை வந்தது. வெறும் பாத்திரம்தானா என்று தெலுங்கில் கேட்டான்.

“ஏறிப் பாருங்க” என்றேன்.

சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தான். அவ்வளவு பெரிய அண்டாவின் அடியில் ஒரு பிடி அரிசியும், வெற்றிலை பாக்கும், ஒரு வெல்லக் கட்டியும் கிடந்தன. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, மூங்கிலை உயர்த்தினான்.